வீட்டுக்குக் கைக்கருவி வாங்குவது எப்படி: எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

மட்டமான திருப்புளியால் வரும் நஷ்டம் அதன் விலையோடு நிற்பதில்லை. முப்பது ரூபாய்த் திருப்புளியின் முனை மழுங்கினால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் மழுங்குவதற்கு முன் அது ஸ்க்ரூவின் தலையைச் சிதைத்துவிட்டுத்தான் போகும். சிதைந்த ஸ்க்ரூ கதவுக் கீலில் இருந்தால் ஆசாரியைத் தேட வேண்டும், சுவிட்ச் போர்டில் இருந்தால் எலக்ட்ரீஷியனை. இரண்டு நிமிட வேலைக்கு அவர் ஒரு நாள் கழித்து வந்து, வந்ததற்கே முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போவார்.

அதற்காக எல்லாவற்றையும் விலை உயர்ந்ததாக வாங்க வேண்டியதில்லை. வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ எடுக்கிற சுத்தியலுக்கு, பட்டறையில் நாள் முழுக்க அடிக்கிற சுத்தியலின் விலை எதற்கு? கருவியின் எந்தப் பகுதி எதைத் தொடுகிறது என்று பார்த்தால், காசை எங்கே போடுவது, எங்கே பிடிப்பது என்பது தெரிந்துவிடும். கீழே வருவது முழுக்க அந்தக் கணக்குதான். வாடகை வீட்டுக்காரர், புதிதாகக் குடித்தனம் போடுகிறவர், விடுதியை விட்டு வந்து தனியறை எடுத்தவர் என்று மரவேலையோ மெக்கானிக் வேலையோ தொழிலாக இல்லாத யாருக்கும் இது பொருந்தும்.

1. கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

பட்டியல் போட்டுக்கொண்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யூட்யூபில் பார்த்த பட்டியலைத்தான் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் என்ன ஸ்க்ரூ, என்ன நட்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவதுதான் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும்.

சுவிட்ச் போர்டு மூடி, கதவுக் கீல், தாழ்ப்பாள், திரைச்சீலைக் கம்பியின் தாங்கி ஆகிய இடங்களில் இருப்பது பெரும்பாலும் கூட்டல் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூ. அளவில் பி.எச்.2 என்கிற நடுத்தர முனை இவை அனைத்துக்கும் பொருந்தும். பழைய வீடாக இருந்தால் கீல்களில் ஒற்றைக் கோடு போட்ட தட்டை ஸ்க்ரூ இருக்கும். மூன்று முள் பிளக், பொம்மையின் பேட்டரி மூடி போன்றவற்றுக்குச் சின்ன ஸ்டார் முனை, அதாவது பி.எச்.1 அல்லது அதற்கும் சின்னது வேண்டும். காஸ் டியூபை இறுக்கும் வளையத்துக்குத் தட்டைத் திருப்புளி. ஆன்லைனில் வாங்கிப் பூட்டிய கட்டில், மேசையில் அறுகோணக் குழி போட்ட போல்ட் இருக்கும். அதற்கான ஆலன் கீ அட்டைப் பெட்டியிலேயே வந்திருக்கும், எங்கே வைத்தீர்கள் என்று தேடி எடுத்து வையுங்கள்.

இந்தப் பிரித்துப் பூட்டும் மரச்சாமான்களில் இன்னொரு சிக்கல். அவற்றில் வரும் சில ஸ்க்ரூக்களின் கூட்டல் குறிக்கு நடுவே நாலு மெல்லிய கோடுகள் கூடுதலாக இருக்கும். பார்க்க ஸ்டார் மாதிரியே இருந்தாலும் அது போஸிடிரைவ் என்கிற வேறு வகை. சாதாரண ஸ்டார் முனையைப் போட்டு அழுத்தித் திருகினால் வழுக்கும். அந்தக் கோடுகள் கண்ணில் பட்டால் பி.இசட்.2 முனை ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நட்டுகளுக்கு ஒரு சின்ன மனக்கணக்கு. 5 மி.மீ. தடிமன் போல்ட்டின் தலைக்கு 8 மி.மீ. ஸ்பேனர், 6 மி.மீ. போல்ட்டுக்கு 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 13. வீட்டில் அடிக்கடி வருவது இந்த மூன்றும்தான். சைக்கிள் அச்சு நட்டுக்கு 14 அல்லது 15 தேவைப்படலாம். கழற்றக்கூடிய நட்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள், பின்னால் உதவும்.

2. எங்கே காசு, எங்கே சிக்கனம்

கருவி எதன்மேல் எதனால் வேலை செய்கிறது என்று மூன்றாகப் பிரிக்கிறேன்.

இரும்பை இரும்பால் பிடித்துத் திருகுவதும் வெட்டுவதும் முதல் வகை: திருப்புளி முனை, ஸ்பேனரின் வாய், கட்டிங் பிளேயரின் வெட்டுவாய், இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு. இங்கே எஃகின் தரம்தான் எல்லாம். நல்ல பெயருள்ள கம்பெனிப் பொருளாகவே வாங்குங்கள். உயிரோடும் உடம்போடும் சம்பந்தப்பட்டவை இரண்டாவது வகை: டெஸ்டர், சுத்தியலின் தலை. இதில் பேரமே வேண்டாம். எடையாலோ நீளத்தாலோ மட்டும் வேலை செய்கிறவை மூன்றாவது: ஆக்ஸா பிரேம், அளவு டேப், மரச் சுத்தியல், பேப்பர் கட்டர், கருவிப் பெட்டி. இவை எவ்வளவு மலிவானாலும் பரவாயில்லை, சோதித்து வாங்கினால் போதும்.

மலிவுக் கடைகளில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாக இருக்கும். பளபளப்பான பெட்டி, மெத்தென்ற கைப்பிடி, இரண்டு வண்ண ரப்பர் என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் காசைப் போட்டு, முனையில் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

3. எந்தக் கடை

தெருமுனை ஹார்டுவேர்ஸ் கடையைத்தான் நான் முதலில் சொல்வேன். கையில் எடுத்துப் பார்க்கலாம், கடைக்கார அண்ணனிடமே ஒரு கட்டுக்கம்பித் துண்டு வாங்கி வெட்டிப் பார்க்கலாம், சரியில்லை என்றால் மறுநாள் கொண்டுபோய் மாற்றலாம். உள்ளே போனதும் "கம்பெனியா, லோக்கலா சார்?" என்றுதான் கேட்பார். "லோக்கல்" என்றால் பெயரே இல்லாதது அல்லது யாரும் கேள்விப்படாத பெயர் போட்டது. "திருப்புளியும் பிளேயரும் கம்பெனி கொடுங்கண்ணே, பிரேம் லோக்கல் போதும்" என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். விவரம் தெரிந்த ஆள் என்று அவரே உள்ளேயிருந்து நல்லதாக எடுத்து வைப்பார். சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனையை ஒட்டிய லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போனால் கருவிக் கடைகள் வரிசையாக உண்டு. ஆனால் ஒரு திருப்புளிக்காக அங்கே போய்வரும் பஸ் செலவையும் அலைச்சலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி என்றால் எது? நம் ஊர்க் கடைகளில் திருப்புளி, பிளேயர், ஸ்பேனருக்கு நாசிக்கில் தொழிற்சாலை வைத்திருக்கும் டபாரியாதான் பெரும்பாலும் கைக்கு வரும். எலக்ட்ரீஷியன் பையிலும் அதுதான் இருக்கும். அதைவிடச் சற்று விலை கூட என்றால் ஸ்டான்லி. லூதியானாவின் ஈஸ்ட்மேனும் கிடைக்கும், அளவு டேப்பில் ஃப்ரீமேன்ஸ் பழைய பெயர். அரம் வேண்டுமென்றால் ஜேகே. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் இந்தியாவின் கைக்கருவி உற்பத்தி மையங்கள் என்பதால், நீங்கள் கேள்விப்படாத பெயர் போட்டிருந்தாலும் பொட்டலத்தில் அந்த ஊர் முகவரி தெளிவாக இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

பொட்டலம் என்றதும் ஒரு விஷயம். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம் வருடம், புகார் சொல்ல ஒரு தொடர்பு ஆகியவை பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்றால் எந்த நாட்டுப் பொருள் என்பதையும் காட்ட வேண்டும். இதில் எதுவுமே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் உறையில் வருகிற பொருளுக்குத் தகராறு வந்தால் பிடிக்க ஆள் இருக்காது. பெயர் முகவரி இருந்தும் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆன்லைனில் அதிகபட்ச விலை 1,999 என்று போட்டு, அதை அடித்து 399 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எழுபது எண்பது சதவீதத் தள்ளுபடி என்றால் அந்தப் பழைய விலைக்கு யாரும் எப்போதும் வாங்கியதில்லை என்றுதான் அர்த்தம். ஒரே பொருள் அதே படத்தோடு வேறுவேறு பெயர்களில் நாலு பேரிடம் விற்பனைக்கு இருந்தால், பெயர் வெறும் ஸ்டிக்கர்.

46 துண்டு சாக்கெட் செட், அதாவது நட்டின் மேல் தொப்பி போல் மாட்டித் திருகும் குழல்களின் செட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான்: ஒரு பக்கம் மட்டும் திருகி மறுபக்கம் சும்மா சுழலும் சின்ன ராட்செட் கைப்பிடி, 4 முதல் 14 மி.மீ. வரை சாக்கெட், கொத்தாகக் குட்டி முனைகள், பிளாஸ்டிக் பெட்டி. கால் அங்குல அளவுள்ள மெல்லிய ராட்செட் அது. மிக்ஸி, தையல் மெஷின், பொம்மை, குழந்தை சைக்கிளின் சின்ன நட்டுகளுக்கு நன்றாகவே உழைக்கும். துருப்பிடித்த பைக் நட்டில் போட்டுக் காலால் மிதித்தால் ராட்செட்டின் பற்கள் நொறுங்கும். அதன் முனைகளும் மெத்து. இரண்டாவது செட்டாக, பின்னால் வாங்குவதற்குச் சரி. முதல் கருவியாக வேண்டாம்.

"100 பீஸ் ஹோம் கிட்" வகையறாவில் துண்டு எண்ணிக்கையை ஆணி, ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் செருகுவது), ஸ்க்ரூ எல்லாம் சேர்த்துக் கூட்டியிருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் கருவி என்று சொல்லத்தக்கது ஏழோ எட்டோதான் தேறும்.

பழைய சாமான் கடைகளை மட்டமாக நினைக்க வேண்டாம். அடித்து உருவாக்கிய பழைய ஸ்பேனர்கள் மேலே துருப்பிடித்திருந்தாலும் வாய் விரியாமல் இருந்தால் புது லோக்கல் ஸ்பேனரைவிடப் பல மடங்கு மேல். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு இரும்பு பிரஷால் தேய்த்தால் எழுத்து தெரிய ஆரம்பிக்கும்.

4. கையில் எடுத்துச் சோதிப்பது

திருப்புளி

முனையைப் பாருங்கள். நான்கு இறக்கைகளும் ஒரே அளவில், விளிம்பு கூர்மையாக, முனை சற்றே தட்டையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். மலிவானதில் இறக்கைகள் மழுங்கி, குரோம் பூச்சு தடியாக வழிந்து, பூச்சிலேயே வடிவம் உருண்டுபோயிருக்கும். கடையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ கேட்டு வாங்கி முனையில் பொருத்துங்கள். கைப்பிடியைக் கிடைமட்டமாகப் பிடித்தாலும் ஸ்க்ரூ உடனே விழாமல் தொங்கினால் பொருத்தம் நல்லது. காந்த முனையாக இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அப்போது விரலால் ஸ்க்ரூவை இடமும் வலமும் அசைத்து ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள்.

அடுத்து, கண்ணாடி மேசைமேல் தண்டை உருட்டுங்கள். வளைந்திருந்தால் முனை வட்டமடிக்கும். கைப்பிடிக்கும் தண்டுக்கும் நடுவே ஆட்டம் இருக்கக் கூடாது. "சிஆர்-வி" என்று தண்டில் பொறித்திருப்பார்கள். குரோம் வனேடியம் எஃகு என்று பொருள். பொறிக்கக் காசு ஆகாது என்பதால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

தண்டை இழுத்துத் திருப்பிப் போட்டால் ஒரு பக்கம் ஸ்டார், மறுபக்கம் தட்டை என்று வரும் டூ இன் ஒன் திருப்புளி வீட்டுக்கு மிகவும் வசதி. கம்பெனிப் பொருளாக நூறு, நூற்றைம்பது ரூபாயில் கிடைக்கும். அதில் பார்க்க வேண்டியது ஒன்றே: தண்டை உள்ளே தள்ளியதும் இறுக்கமாக உட்கார வேண்டும், தலைகீழாகப் பிடித்து உதறினால் விழக் கூடாது. இடம் குறுகிய அலமாரிக்குள் திருக, குட்டையான ஸ்டபி திருப்புளி ஒன்று பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடிச் சட்டம், ரிமோட் வேலைக்கு வரும் குட்டி முனை செட் மலிவானதே போதும், அங்கே யாரும் பலம் போடுவதில்லை.

டெஸ்டர்

எழுபது ரூபாய்க்குள் முடிகிற பொருள், ஆனால் 230 வோல்ட்டுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே நிற்பது. உள்ளே ஒரு நியான் விளக்கும் மிக அதிகத் தடையுள்ள ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. மின்சாரம் அந்தத் தடை வழியாக, உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும்போது விளக்கு எரிகிறது. தடை இருப்பதால் உடம்பில் பாய்வது உணர முடியாத அளவு. ஆக உயிர் தொங்குவது அந்தச் சின்ன ரெசிஸ்டரின் மேல். பெயரில்லாத இருபது ரூபாய் டெஸ்டரை இதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன். வெளியே விரிசல் விட்டாலோ தண்ணீரில் விழுந்தாலோ குப்பையில் போட்டு வேறு வாங்குங்கள்.

சோதிக்கும் முறை: மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த பிளக் துளையில் முதலில் வையுங்கள். எர்த் துளை மேலே இருக்கும் நம் ஊர் பிளக் பாயின்ட்டை நேராகப் பார்த்தால் வலது பக்கத் துளைதான் மின்சாரம் வரும் ஃபேஸ். அங்கே எரிந்தால் டெஸ்டர் நல்ல நிலையில் இருக்கிறது. பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள், முடித்ததும் மறுபடி பழைய துளையில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்பதை மட்டும் வைத்து மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ரப்பர் செருப்பும் காய்ந்த மர ஸ்டூலும் வெளிச்சத்தை மங்கலாக்கும், நல்ல வெயில் வெளிச்சத்தில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு வேலை செய்வதற்கு டெஸ்டர் மாற்று இல்லை.

இன்னொன்று: டெஸ்டரைத் திருப்புளியாகப் பயன்படுத்தி இறுகிய ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். பல்பு ஹோல்டரின் சின்ன டெர்மினல் ஸ்க்ரூ வரை சரி.

கட்டிங் பிளேயர்

எட்டு அங்குலம் பொதுவான அளவு. கை சிறியதாக இருந்தால் ஆறு அங்குலம் பிடிக்கச் சுலபம். கடையில் செய்ய வேண்டிய சோதனை மூன்று. வாயை மூடி வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். நுனிகள் ஒன்றையொன்று தொட வேண்டும், வெட்டுவாயின் நடுவே வெளிச்சக் கோடு தெரியக் கூடாது. பிறகு ஒற்றைக் கையால் திறந்து மூடுங்கள். வழவழவென்று ஓட வேண்டும், ஆனால் இரண்டு பாதியையும் பக்கவாட்டில் அசைத்தால் ரிவெட் ஆடக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். எல்லா ஹார்டுவேர்ஸ் கடையிலும் கட்டடம் கட்டுகிறவர்களுக்கான கட்டுக்கம்பி சுருள் இருக்கும். ஒரு துண்டு கேளுங்கள். வெட்டுவாயில் வைத்து வெட்டுங்கள். சத்தமாக, சுத்தமாகத் துண்டாக வேண்டும். பிதுங்கி வளைந்து, நீங்கள் முறுக்கிப் பிய்க்க வேண்டிய நிலை வரக் கூடாது. வெட்டியதும் அந்த இடத்தில் வெட்டுவாயின்மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்காவது சிக்கினால், கம்பி பிளேயரில் பள்ளம் போட்டுவிட்டது என்று பொருள். கம்பியைவிட மெத்தான வெட்டுவாய்! கையில் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள். "அதெல்லாம் வெட்டிப் பாக்கக் கூடாது சார்" என்று சொல்கிற கடையில் வாங்காமல் வந்துவிடலாம்.

கைப்பிடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை எல்லாமே மின்காப்பு உறை ஆகிவிடாது. சோதிக்கப்பட்ட மின்காப்பு உள்ளதில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அது இருந்தாலும் மின்சாரம் ஓடுகிற வயரை வெட்ட அனுமதிச் சீட்டு என்று நினைக்காதீர்கள். லோக்கல் பிளேயரின் உறை வெயில் காலத்தில் வியர்வையில் வழுக்கிக் கழன்றே வந்துவிடும்.

மூக்கு நீண்ட நோஸ் பிளேயர் நகை கொக்கி, ரேடியோ வேலைக்கு. பெரும்பாலான வீட்டுக்கு வேண்டாம்.

ஸ்பேனர்

பையில் போட்டு வந்த நட்டை இப்போது எடுங்கள். ஸ்பேனர் வாயில் பொருத்தி இடவலமாக ஆட்டுங்கள். லேசான நகர்வு இருக்கலாம், ஆனால் மூலைகளில் மட்டும் பட்டு நிற்கக் கூடாது. அப்படி மூலையில் மட்டும் பிடிக்கும் ஸ்பேனர்தான் நட்டை உருட்டி, அறுகோணத்தை வட்டமாக்கிவிடும். உருண்ட நட்டைக் கழற்ற மெக்கானிக்கே திணறுவார்.

12 துண்டு செட் தேவையில்லை. பத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டுக்குப் பதிமூன்று என்று இரட்டை வாய் ஸ்பேனர் இரண்டு வாங்குங்கள். கட்டில் போல்ட் போல் பலமாக இறுகியவற்றுக்கு அதே அளவில் ரிங் ஸ்பேனர் இருந்தால் நல்லது. ரிங் நட்டின் ஆறு மூலைகளையும் ஒரே நேரத்தில் பிடிக்கும்.

மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு எட்டு அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர். திருகைத் திருப்பினால் வாய் கூடிக் குறையும் அந்தக் கருவியைத்தான் சொல்கிறேன். நகரும் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் வேண்டாம். மலிவான ஸ்க்ரூ ஸ்பேனர் கண்டிப்பாக ஆடும், இதில் மட்டும் காசைப் பார்க்க வேண்டாம். பயன்படுத்தும்போது, இழுக்கும் பலம் நகராத தாடையின்மேல் விழும் திசையில் பிடிக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் நகரும் தாடை விலகி நட்டு உருளும். குரோம் பூசிய குழாயின்மேல் போடுமுன் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குழாய் என்றால் கையால் இறுக்கிய பிறகு கால் சுற்று போதும். அதற்கு மேல் இறுக்கினால் மரை பிளந்துவிடும்.

சுத்தியல்

ஆணி பிடுங்கும் கொம்பு வைத்த சுத்தியல், 350 முதல் 450 கிராம் வரை தலை எடை. தலை எப்படிக் கைப்பிடியில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. மரக் கைப்பிடி என்றால் தலையின் மேல் துளையில் ஆப்பு அடித்திருப்பது தெரிய வேண்டும், இடைவெளியில் பிசினோ பெயின்டோ ஊற்றி மறைத்திருக்கக் கூடாது. கையில் பிடித்து, தலையை இறுக்கி முறுக்கிப் பாருங்கள். ஆடுகிற தலை ஒரு நாள் கழன்று பறக்கும். அடிக்கிற முகம் சொரசொரப்பாக, வார்ப்பு மணல் ஒட்டியது போல் இருந்தால் அது வார்ப்பிரும்பு. கான்கிரீட் ஆணியில் அடிக்கும்போது சில்லு தெறிக்கும். ஆணி அடிக்கையில் ஐம்பது ரூபாய்க் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்வது கண் ஆஸ்பத்திரிக்குப் போவதைவிட மலிவு.

அளவு டேப்

டேப்பை வாங்கி வந்ததும் நுனிக் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறதே என்று அதன் ரிவெட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. தட்டினால் டேப் கெட்டது. கொக்கி தன் தகட்டின் தடிமன் அளவுக்குத்தான் முன்னும் பின்னும் நகரும், அதுவும் வேண்டுமென்றே செய்தது. மேசை விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே நகர்கிறது. அதன் தடிமன் அளவில் சேராது. சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே நகர்கிறது. இப்போது கொக்கியின் தடிமன் அளவுக்குள் வந்துவிடும். இரண்டு விதமாக அளந்தாலும் ஒரே எண் வருவதற்காக இந்த ஏற்பாடு.

சோதிக்க இதையே பயன்படுத்தலாம். கடையிலுள்ள இரும்பு ஸ்கேலை ஒரு முறை கொக்கி மாட்டியும், ஒரு முறை அதே ஸ்கேலைச் சுவரோடு முட்ட வைத்துக் கொக்கியை அழுத்தியும் அளந்து பாருங்கள். ஒரே எண் வந்தால் நல்ல டேப். மூன்று மீட்டர் போதும், வாடகை வீடு பார்க்கப் போகிறவர் ஐந்து மீட்டர் வாங்கலாம். அடியும் அங்குலமும் ஒரு ஓரம், சென்டிமீட்டர் மறு ஓரம் என்று இரண்டும் இருக்கட்டும். ஆசாரி அடிக்கணக்கில்தான் பேசுவார், ஆன்லைன் அலமாரி சென்டிமீட்டரில்தான் வரும்.

மற்றவை

ஆக்ஸா பிரேம் எவ்வளவு மலிவானாலும் சரி, திருகி இறுக்கியதும் பிளேடு தந்தி போல் விறைப்பாக நின்றால் போதும். பிளேடு நல்லதாக வாங்குங்கள். 12 அங்குல பிளேடில் அங்குலத்துக்கு 24 பல் உள்ளது வீட்டுப் பைப், மெல்லிய கம்பி, திரைச்சீலைக் குழாய்க்கு ஏற்றது. பற்கள் முன்னோக்கி, கைப்பிடியிலிருந்து விலகிய திசையில் பார்க்கும்படி மாட்ட வேண்டும்.

பேப்பர் கட்டரில் பிளேடு பூட்டு வழுக்காமல் நின்றால் சரி. ரசமட்டம் வாங்கினால் ஒரு இடத்தில் வைத்துக் குமிழைப் பார்த்து, அதே இடத்தில் இடவலம் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். குமிழ் இரண்டு முறையும் உங்கள் பார்வையில் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி நின்றால் போதும், தரை சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. படம் மாட்ட மட்டும் என்றால் போனில் உள்ள மட்டமே போதும்.

5. எந்த வரிசையில், எவ்வளவுக்கு

விலை கடைக்குக் கடை மாறும், இது சுமாரான கணக்கு. முதல் ஆயிரம் ரூபாய்க்கு: டூ இன் ஒன் திருப்புளி 120 முதல் 150, டெஸ்டர் 60, எட்டு அங்குல பிளேயர் 300, மூன்று மீட்டர் டேப் 100, சுத்தியல் 250 முதல் 300. சில்லறைக்கு, குழாய் மரையில் சுற்றும் டெஃப்ளான் டேப் ஒன்றும் இன்சுலேஷன் டேப் ஒன்றும். மாதத்தில் வருகிற வேலையில் பெரும்பகுதி இதிலேயே முடியும்.

அடுத்து உடனே வாங்க வேண்டாம். ஏதாவது ஒரு வேலைக்குக் கருவி இல்லாமல் பக்கத்து வீட்டில் போய்க் கேட்கிறீர்கள் அல்லவா, அப்போது குறித்துக்கொள்ளுங்கள். அதே கருவியை இரண்டாவது முறை கேட்கப் போக வேண்டி வந்தால் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் ஸ்க்ரூ ஸ்பேனரும் (350 வாக்கில்) ஆக்ஸாவும்தான் முதலில் வரும். ஆலன் கீ செட் கட்டிலோடு வந்த கீ தொலைந்த பிறகு.

மின் துளையிடும் கருவி கைக்கருவி இல்லை என்றாலும் எல்லாரும் கேட்பது. கான்கிரீட் சுவரில் வருடத்துக்கு நாலைந்து துளை போட அதை வாங்க வேண்டியதில்லை. துளை போட வேண்டிய இடத்தையெல்லாம் பென்சிலால் குறித்துச் சேர்த்து வைத்து, எலக்ட்ரீஷியன் வேறு வேலைக்கு வரும் அன்று ஒரே மூச்சில் போட்டுக்கொள்ளுங்கள். ராவல் பிளக்கும் ஸ்க்ரூவும் அளவு பொருந்துவதாக நீங்களே வாங்கி வைத்தால் அவருக்கும் வேலை சுருக்கு.

6. வீட்டுக்கு வந்த பிறகு

பில்லை பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். முதல் வாரத்திலேயே ஏதாவது சாக்கு வைத்து எல்லாவற்றையும் ஒரு முறை பயன்படுத்திவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு தெரிகிற குறையால் பயனில்லை. ஆன்லைனில் வாங்கியது என்றால் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது, அது நல்ல வழக்கம்தான்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி போலக் கடலோர ஊர்களில் துரு ஒரு மழைக்காலத்திலேயே ஏறிவிடும். பிளேயரின் ரிவெட்டிலும் ஸ்க்ரூ ஸ்பேனரின் திருகிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வெளியே எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து இறுகிவிடும். குளியலறைப் பரணில் கருவிப் பெட்டி வைப்பதைவிட அலமாரியின் கீழ்த்தட்டு மேல். புது மருந்துப் பாட்டில், செருப்புப் பெட்டிகளில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் பெட்டிக்குள் போட்டால் ஈரம் கொஞ்சம் அடங்கும்; குழந்தை கைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும்.

பெட்டி என்று சொன்னேன், பழைய ரஸ்க் டின் போதும். திருப்புளி முனை மற்ற இரும்போடு இடிபடாமல் ஒரு துணியில் சுற்றிப் போடுங்கள்.

7. கருவி இருந்தாலும் தொடக் கூடாதவை

காஸ் ரெகுலேட்டரும் சிலிண்டர் வால்வும். டியூபை இறுக்கும் வளையத்தைத் திருப்புளியால் இறுக்கி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது வரை வீட்டு வேலை. ரெகுலேட்டரையே பிரிப்பது காஸ் ஏஜென்சி ஆளின் வேலை. நுரை கொப்பளித்தால் சிலிண்டரை மூடிவிட்டு 1906க்கு அழையுங்கள், அது சமையல் எரிவாயுக் கசிவுக்கான அவசர எண். மீட்டர் பெட்டி, மெயின் ஸ்விட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்குள் கை வைக்க டெஸ்டர் போதாது. மைக்ரோவேவ் அடுப்பைப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் திறக்க வேண்டாம், உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் உயர் வோல்ட் தேங்கி நிற்கும். மின்விசிறியைக் கொக்கியிலிருந்து இறக்குவது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. ஸ்டூலைப் பிடிக்கவாவது கீழே ஒருவர் வேண்டும்.